யாரும் பார்க்காத படம்

மகள் சொன்னதில் பாதிதான் மயிலம்மாளுக்கு விளங்கியது. பெருமைப்பட அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கிய வள்ளிநாயகி தோள் பையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, இந்த வருசம் நல்லா வேலை செய்றவன்னு என்னையத்தான் எடுத்திருக்காங்க. படம் புடிச்சு இண்டர்நெட்டுல போட்டுட்டாங்க. ஆபீசுல கூப்புட்டுக் காட்டுனாங்கம்மா.”

“எதுல போட்டாங்க?”

“இண்டர்நெட்டு. கம்ப்யூட்டர்ல பாக்குறது. எங்க கம்பெனிக்குன்னு அதுல ஒரு எடம் இருக்கு. ஜப்பான்ல இருந்தும் பாக்கலாம், அமெரிக்காவுல இருந்தும் பாக்கலாம்.”

“டிவி மாதிரியா?”

“அப்படித்தான்னு வச்சுக்கயேன். டிவியில அவன் காட்டுறப்பத்தான் நாம பாக்கணும். இதுல நமக்கு வேணுங்கறப்ப பாத்துக்கலாம்.”

மயிலம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்துக்கொண்டாள். திருஷ்டி கழித்த விரல்கள் படபடவென்று சொடக்கின.

அந்த வீட்டில் பெருமைப்படும்படி ஒன்று நடந்து வெகுநாளாகியிருந்தது. மலேசியாவில் லாபு ஊரை அடுத்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து புருசன் போனபோது வள்ளி கைக்குழந்தை. அதன் பிறகு மயிலம்மாள் உரம் போட்டாள், புல்லுக்கு மருந்தடித்தாள், வயதானதும் மரத்தடியில் சிதறும் உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்கள். மகளை மட்டும் காட்டுக்குள் இறங்கவிடாமல் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தாள். வள்ளி இப்போது நீலாய் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் ஒரு வரிசைப் பெண்களுக்கு மேற்பார்வை. மயிலம்மாளின் அண்ணன் சன்னாசி அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். கோயில் தலைவரும் அவர்தான். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமனாக முன்நின்று, சிரம்பானை அடுத்த ராசாவிலிருந்து மாப்பிள்ளை பார்த்து, ஆனி மாதம் பரிசம் போட வைத்தவரும் அவர்தான். மாப்பிள்ளை மணியம் போர்டிக்சனில் வெல்டிங் வேலை பார்த்தான். பேச்சு குறைவு, குடி இல்லை. தை பிறந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு.

மறுநாள் காலை காட்டில், பக்கத்து நிரையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த செல்லத்திடம் மயிலம்மாளே வாயைத் திறந்தாள். செல்லம் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி. இருபது வருசமாக இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

“என் மக படம் இண்டர்நெட்டுல வந்திருக்குடி. உலகம் பூரா பாக்கலாமாம்.”

செல்லம் நிமிர்ந்தாள். “என்னா படம்?”

“அவ படந்தான்.”

“என்னா மாதிரி படம்க்கா?”

“நல்ல படந்தான்லா. கம்பெனிக்காரன் புடிச்சது.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. பகல் சோற்று நேரத்தில் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னாள். மாலையில் கடையில் தேங்காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் நல்லசாமியிடமும் சொன்னாள். நல்லசாமி சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

தோட்டத்தில் கம்ப்யூட்டர் என்ற சாமானை அருகில் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஆபீசில் ஒன்று இருந்தது. அதற்கு எப்போதும் துணி போர்த்தியிருக்கும். ஆனால் இண்டர்நெட்டைப் பற்றி எல்லோருக்கும் ஏதாவது தெரிந்திருந்தது. நல்லசாமி தன் கடை முன்னால் தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பவர். அந்த மாதங்களில் வாரம் தவறாமல் அதில் ஏதாவது வந்துகொண்டிருந்தது: இண்டர்நெட்டில் ஆபாசம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், கோலாலம்பூரில் ஒரு கல்லூரிப் பெண்ணின் படம் அதில் வந்து அவள் குடும்பமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. இந்தச் செய்திகளைக் கேட்டவர்களுக்கு இண்டர்நெட் என்றால் ஓர் அறை போலவும், அதற்குள் துணியில்லாத பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்பது போலவும் ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாலே அது நம்மைப் படம் பிடித்துவிடும் என்றார் ஒருவர். அடையாள அட்டையின் ஐ.சி. நம்பரைத் தட்டினால் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும் என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஊரில்தான் மயிலம்மாள் தன் மகள் படம் இண்டர்நெட்டில் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கே மூக்கில் வாடை எட்டியது. அவள் வாளியோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சுண்டல் கொடுக்கும் முறை அவளுடையது. அதை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டதாக ஒரு சின்னப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். மயிலம்மாள் நேராகச் செல்லத்தின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

“என்னாடி நடக்குது இந்த லயத்துல?”

செல்லம் அரிசி புடைத்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். “நீதானக்கா சொன்னே. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல.”

“என்னா சொன்னேன்?”

“இண்டர்நெட்டுல வந்திருக்குன்னு. உலகம் பூரா பாக்குதுன்னு. கம்பெனிக்காரன் புடிச்சான்னு.” செல்லத்தின் குரல் இறங்கியது. “லோரி ஓட்டுறவன் சிரம்பான்ல பாத்தானாம். முதுகு மட்டுந்தான் தெரியுதாம். மத்ததெல்லாம் சொல்ல வாய் கூசுது.”

மயிலம்மாள் முறத்தைப் பிடித்து நிறுத்தினாள். எந்த லோரிக்காரன் என்று கேட்டாள். செல்லத்துக்குத் தெரியவில்லை. இன்னொருத்தி சொல்லிக் கேட்டதாம். அந்த இன்னொருத்தியைப் போய்க் கேட்டபோது அவள் வேறு ஒருத்தியைக் காட்டினாள். பார்த்தவன் யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பார்த்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அன்று வேலை விட்டு வந்த மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னாள். வள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது.

“கம்பெனிச் சட்டை போட்டுக்கிட்டு, தலையில தொப்பி வச்சுக்கிட்டு, கழுத்துல பேட்ச் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்மா. அதப் போய்...” அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் அவள் பேக்டரி ஆபீசில் சொல்லி அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சடித்து வாங்கி வந்தாள். கறுப்பு வெள்ளையில் முகம் மங்கலாக இருந்தது. அதை மயிலம்மாள் கையில் கொடுத்து, “யாரு கேட்டாலும் இதக் காட்டு” என்றாள்.

கேட்கத்தான் யாரும் வரவில்லை. ராசாவிலிருந்துதான் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மாவும் அண்ணன் அர்ச்சுனனும் காரில் வந்து இறங்கினார்கள். அர்ச்சுனன் சிரம்பானில் ஒரு மரப்பட்டறையில் சூப்பர்வைசர். தகப்பன் இறந்த பிறகு அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மணியம் வரவில்லை. சன்னாசிக்கு ஆள் அனுப்ப, அவரும் வந்து சேர்ந்தார். கொடுத்த காப்பியை யாரும் தொடவில்லை.

“அத்த, நாங்க சண்டைக்கு வரல,” என்று ஆரம்பித்தான் அர்ச்சுனன். “வெளிய பேசிக்கிறாங்க. என் வேலையிடத்துலயே ஒரு ஆளு கேட்டுட்டான். கல்யாணம் பண்ணப் போற பொண்ணு எங்க வீட்டுக்கு வரப்போறவ. அதான் கேக்க வந்தோம்.”

மயிலம்மாள் ஓடிப்போய் அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டினாள். அர்ச்சுனன் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“இது நீங்க குடுக்குற படம். அதுல இருந்தது இதுதான்னு எப்படித் தெரியும்?”

கதவருகில் நின்றிருந்த வள்ளி முன்னால் வந்தாள். “தெரிஞ்சுக்கலாம்ண்ணே. அட்ரஸ் எழுதித் தர்றேன். சிரம்பான்ல சைபர் கபே இருக்கு. எந்தக் கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் போட்டுப் பாருங்க.”

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அந்தக் கருமத்தப் போயி எங்கள பாக்கச் சொல்றாளே.”

“கருமம் ஒண்ணும் இல்லங்கத்த, அதத்தான் சொல்றேன். பாத்தா உங்களுக்கே தெரியும்.”

“பெரியவங்க பேசுறப்ப நீ உள்ள போ,” என்றார் சன்னாசி. பிறகு வந்தவர்களைப் பார்த்து, “என்னா ஏதுன்னு நான் விசாரிக்கிறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. இந்த இண்டர்நெட்டு ஆபீசு எங்க இருக்கு? நேரா அங்கயே போயி எழுதிக் குடுத்துருவோம்” என்றார்.

அப்படி ஓர் ஆபீஸ் கிடையாது என்று உள்ளே இருந்து வள்ளி சொன்னது அவர் காதில் விழவில்லை.

கார் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. வள்ளி யாரும் தொடாத காப்பியைக் கொட்டிக் கழுவி வைத்தாள். பிறகு, “படம் அங்க இருக்கறதுதானே இவங்களுக்கு உறுத்துது? எடுத்துரச் சொல்லிடறேன்மா. எனக்கு அந்தப் பேரும் வேணாம், படமும் வேணாம்” என்றாள்.

மயிலம்மாளுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. முள் இருந்தால்தானே குத்தும்; பிடுங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. “எடுத்துரச் சொல்லும்மா,” என்றாள். பேக்டரியில் காரணம் கேட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வீட்டில் விருப்பமில்லை என்று வள்ளி சொன்னாள். வாரம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

சன்னாசியோ தன் வழியில் நியாயம் தேடிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் சொல்வதை நம்பி மருமகளைக் கைவிட அவருக்கு மனமில்லை. தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து கோயில் வாசலில் நின்று நாலு பேரின் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் அவர் சிரம்பானுக்குப் புறப்பட்டார். சாட்சிக்கு அர்ச்சுனனை வரச் சொன்னார். பெண்ணைப் பெற்றவள் என்று மயிலம்மாளையும் கூட்டிக்கொண்டார். வள்ளி வேலைக்குப் போயிருந்த நாள் அது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. படத்தை எடுத்தாகிவிட்டது என்று மயிலம்மாளும் அண்ணனிடம் சொல்லவில்லை. எடுத்ததென்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சுவரில் மாட்டிய படத்தை இறக்கி உள்ளே வைப்பதைப் போல, கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் இருந்தது சைபர் கபே. ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, ஏர்கோன் போட்டு, சிகரெட் நாற்றமாக இருந்தது. பள்ளிச் சட்டையோடு பையன்கள் திரையில் எதையோ சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் ஒரு சீனன், முப்பது வயது இருக்கும், வாயில் பல் குத்தும் குச்சி. வள்ளி அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிக்கொடுத்திருந்த முகவரியைச் சன்னாசி நீட்டி மலாயில் விசயத்தைச் சொன்னார். அவன் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டினான்.

மயிலம்மாள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மகளைப் பார்க்கப் போகிறோம் என்று இன்னும் கிட்டே நகர்ந்து நின்றாள். திரை வெள்ளையாகவே இருந்தது. மேலே சில இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் வந்தன.

“சுடா தாடா,” என்றான் கடைக்காரன்.

“இல்லைங்கிறான்,” என்றார் சன்னாசி.

“முன்னால இருந்துச்சான்னு கேளுங்க,” என்றான் அர்ச்சுனன்.

கடைக்காரன் தோளைக் குலுக்கினான். இருந்திருக்கலாம், எடுத்திருப்பார்கள் என்றான்.

அப்போதுதான் மயிலம்மாள், “ஆமாண்ணே, வள்ளிதான் எடுத்துரச் சொன்னா. கம்பெனியில சொல்லி எடுத்துட்டாங்க” என்றாள்.

இரண்டு ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

“நல்ல படம்னா எதுக்கு அத்த அழிக்கணும்?” அர்ச்சுனனின் குரல் அமைதியாக இருந்தது. “நாங்க கேட்டு ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள அழிச்சாச்சு.”

சன்னாசி கடைக்காரனிடம் திரும்பி, எடுத்துவிட்டால் அதோடு போய்விடுமா என்று கேட்டார். கடைக்காரன் குச்சியை வாயில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். இண்டர்நெட்டில் ஒன்று ஏறிவிட்டால் முழுதாகப் போகாது, யாராவது எங்காவது எடுத்து வைத்திருப்பார்கள் என்றான். அவன் பொதுவாகத்தான் சொன்னான். சன்னாசி அதைத் தமிழில் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

“பேரப் போட்டுத் தேடச் சொல்லுங்க,” என்றான் அர்ச்சுனன்.

கடைக்காரன் வள்ளிநாயகி என்ற பேரைத் தட்டி ஏதோ ஒன்றை அமுக்கினான். எழுத்துகள் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் இன்னொரு சின்னச் சதுரம் தானாகவே குதித்துத் திறந்தது. அதில் ஒரு பெண். முதுகு காட்டி நின்றாள். கறுத்த நீளக் கூந்தல் இடுப்பு வரை கிடந்தது. உடம்பில் துணியில்லை. கடைக்காரன் சட்டென்று அதை மூடினான். உடனே இன்னொன்று திறந்தது, அதையும் மூடினான். முகம் சிவந்து, இது விளம்பரம், யாரோ பையன் கண்டதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், தானாகவே வரும், உங்கள் விசயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வேகவேகமாகச் சொன்னான்.

யாரும் கேட்கவில்லை. அர்ச்சுனன் ஏற்கெனவே எழுந்துவிட்டான். சன்னாசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆயுசில் ஒரு நாளும் அண்ணன் அப்படி நின்று மயிலம்மாள் பார்த்ததில்லை.

லாபு பஸ்ஸில் அவர் அவளை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்த்ததைத் திரும்பத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். கடைக்காரன் சொன்னதை அவளும் கேட்டாள். அவளுக்கும் மலாய் தெரியும். விளம்பரம் என்றான். ஆனால் பேரைத் தட்டிய பிறகுதானே வந்தது? கூந்தல் கறுப்பாக இருந்தது. வள்ளிக்கும் இடுப்பு வரை கூந்தல். எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை? வள்ளிக்கு இருப்பது போல இடது தோளில் மச்சம் இருந்ததா? இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவிக்கொடுத்த முதுகு. அதை அடையாளம் சொல்ல முடியாமல் அவள் அந்தப் பஸ்ஸில் தவித்தாள்.

சாயங்காலம் வள்ளி வந்தபோது வீட்டில் சன்னாசி உட்கார்ந்திருந்தார்.

“நாளையில இருந்து நீ பேக்டரிக்குப் போக வேணாம்,” என்றார்.

“என்னா மாமா?”

“கண்ணால பாத்துட்டு வந்துட்டேன். இதுக்கு மேல எங்கிட்டப் பேசாத.”

வள்ளி அம்மாவிடம் திரும்பினாள். நடந்ததை மயிலம்மாள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கேட்கக் கேட்க வள்ளியின் முகம் வெளுத்தது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினாள். “மாமா, அது தானா வர்ற விளம்பரம். எல்லாக் கடையிலயும் வரும். நான் கம்பெனியில சொல்லி அந்தப் படத்தத் திரும்பப் போடச் சொல்றேன். நீங்களே வந்து பாருங்க.”

“அழிச்சதத் திரும்பப் போட முடியும்னா, கெட்டத எடுத்துட்டு நல்லதப் போடவும் முடியும்தானே?” என்றார் சன்னாசி. “எனக்குப் படிப்பு இல்ல. ஆனா மடையன் இல்லலா.”

இருந்தால் காட்டு என்கிறார்கள். காட்டினால் மாற்றிவிட்டாய் என்கிறார்கள். எடுத்துவிட்டால் மறைத்தாய் என்கிறார்கள். அவள் அம்மாவின் முன்னால் வந்து குனிந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, நீ சொல்லு. நீயும்தானே பாத்தே. அது நானா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. மயிலம்மாளின் தொண்டை வரை அது வந்தது. ஆனால் அவள் பொய் சொல்லிப் பழகாதவள். உறுதியாகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

“முகம் தெரியலடி,” என்றாள்.

வள்ளி அழவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு மயிலம்மாள் திரும்பி வந்தபோது வள்ளியின் துணிமணி இல்லை. பேக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்று செல்லம் சொன்னாள். அந்த வார முடிவில் பரிசத் தட்டும் புடவையும் ராசாவுக்குத் திரும்பிப் போயின. மணியம் ஒரு முறை பேக்டரி வாசலில் வள்ளியைப் பார்த்து, நீ என்ன சொன்னாலும் நான் நம்புகிறேன், ஆனால் அண்ணனை மீறி எனக்கு ஒன்றும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பின்னால் தெரிந்தது. மாசியில் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

பெண் ஓடிவிட்டாள் என்றது தோட்டம். பாவம் தாங்காமல் ஓடினாள் என்றது. மயிலம்மாள் வேலைக்குப் போனாள், வந்தாள். சோறாக்கினால் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குத் தெரியாமல் மிஞ்சியது. செல்லம் இரக்கப்பட்டு ஒரு நாள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மயிலம்மாளுக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது, தட்டவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பொறுக்க முடியாமல் நெத்திலிக் கருவாட்டுச் சம்பலும் சோறும் கட்டி எடுத்துக்கொண்டு நீலாய்க்குப் பஸ் ஏறினாள். பேக்டரி வாசலில் காவல்காரன் பேர் கேட்டு உள்ளே போன் பண்ணினான். வெயிலில் வெகுநேரம் நின்றாள். வள்ளி வந்தாள். நீலச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பேட்ச். இளைத்திருந்தாள்.

“எப்படிம்மா இருக்கே?” என்று வள்ளிதான் முதலில் கேட்டாள்.

“இருக்கேன். நீ வீட்டுக்கு வாடி. உன் மாமா சொல்றத விடு. லயத்துல நாலு பேரு நாலு சொல்லுவாங்க, அதயும் விடு.”

“எனக்கு அவங்களப் பத்தி ஒண்ணுமில்லம்மா.”

மகளின் கண் எதையோ எதிர்பார்த்துத் தன் முகத்தில் நிற்பது மயிலம்மாளுக்குத் தெரிந்தது. அந்த எதிர்பார்ப்புக்கு எதைக் கொடுப்பது? மாதக்கணக்காக ராத்திரியெல்லாம் புரட்டிப் புரட்டி அவள் தயார் பண்ணி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தாய் ஒருத்தியால் கொடுக்க முடிந்ததிலேயே பெரியது அது என்று நினைத்திருந்தாள்.

“நீ என்னா செஞ்சிருந்தாலும் நீ என் வயித்துல பொறந்தவடி. நான் மன்னிச்சிட்டேன். வா, போவலாம்.”

வாயை விட்டு அது வெளியே வந்த அதே நொடியில், கொதிக்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டதைப் போல அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்ப அள்ள முடியாது.

வள்ளி தலையை ஆட்டினாள். “சரிம்மா.”

“வள்ளி, நான் அப்படிச் சொல்ல வரலடி...”

“ரெஸ்ட்டு டைம் முடிஞ்சிருச்சு. உள்ள போவணும்.” சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “பினாங்குல எங்க கம்பெனிக்கு இன்னொரு பேக்டரி இருக்கு. அங்க மாத்தக் கேட்டிருக்கேன். குடுத்துட்டாங்க. போனதும் தகவல் சொல்றேன்.”

தகவல் வந்தது. இரண்டு முறை நல்லசாமி கடைக்குப் போன் வந்தது. சுகமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்லாமலே வைத்துவிட்டாள். அதன் பிறகு அதுவும் இல்லை.

தோட்டத்து வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. சன்னாசி கோயில் தலைவர் பதவியை விட்டுவிட்டார், அவமானம் என்றார். தங்கை வீட்டுப் பக்கம் வருவதில்லை. வழியில் பார்த்தால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவார், பிறகு போய்விடுவார்.

ஆவணியில் போர்டிக்சனில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போக மனமில்லாவிட்டாலும் முறைக்குப் போனாள். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். கிளாங் பக்கம் என்றாள், நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். பேச்சு பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதில் வந்து நின்றது.

“நானெல்லாம் பேக்டரிக்கு அனுப்ப மாட்டேன்க்கா. இங்க லாபு பக்கம் ஒரு தோட்டத்துல நடந்துச்சே, கேள்விப்படலயா? அந்தப் பொண்ண இண்டர்நெட்டுல போட்டுட்டாங்களாம். உலகமே பாத்துச்சாம். மாமங்காரன் போயிப் பாத்து மயக்கம் போட்டு விழுந்தாராம். கடைசியில அந்தப் பொண்ணு புல்லு மருந்தக் குடிச்சுச் செத்துப் போச்சு.”

மேளம் முழங்கியது. மயிலம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது.

“சாவல,” என்றாள் மயிலம்மாள். “பினாங்குல இருக்கா. அவ என் மகதான். கம்பெனிச் சட்டை போட்டு, தொப்பி வச்சு எடுத்த படம் அது. வேற ஒண்ணுமில்ல. எங்கண்ணன் பாத்துச்சே, அது அவ இல்ல.”

இத்தனை மாதத்தில் இதை அவள் யாரிடமும் இப்படி ஒரே மூச்சில் சொன்னதில்லை. யாரோ ஒருத்தியிடம் சொல்ல வந்துவிட்டது. சொல்ல வேண்டியவளிடம் வரவில்லை.

கிளாங்காரப் பெண் அதிர்ந்து போய் வாயில் கை வைத்தாள். கண்ணில் நீர் கோத்தது. பிறகு மயிலம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து மெதுவாகத் தட்டினாள்.

“அப்படித்தான்க்கா சொல்லணும்,” என்றாள். “பெத்த மனசு வேற என்னா சொல்லும்?”

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மயிலம்மாள் கையை உருவிக்கொண்டு, சாப்பிடாமலே வாசலுக்கு வந்து, வெயிலில் சிரம்பான் பஸ்ஸுக்கு நின்றாள்.